ஏலமலையின் வரலாறு: காட்டுச் செடி ஊருக்குச் சோறிட்ட கதை

சொல் ஒன்று, பொருள் இரண்டு

தமிழில் ‘ஏலம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று, நம் பாயசத்திலும் தேநீரிலும் மணக்கும் காய். மற்றொன்று, பலர் கூடி விலை கேட்க, மிகுதியாகக் கேட்டவருக்குப் பொருளை விடும் விற்பனை முறை. ஒலியால் ஒன்றாயினும் இவை பிறப்பால் வேறானவை. மணப்பொருளைக் குறிக்கும் ஏலம் பழஞ்சொல். வடமொழியிலும் ‘ஏலா’ என வழங்குவது. விற்பனையைக் குறிக்கும் ஏலமோ ‘லெய்லாவ்’ என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. அதே போர்த்துகீசியச் சொல்லே மலாய் மொழியில் ‘லெலோங்’ ஆயிற்று. இரவுச் சந்தைகளில் வணிகர் ‘லெலோங், லெலோங்’ என்று கூவும் குரலைக் கேளாதவர் நம்மில் இலர்.

இவ்விரு சொற்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஒன்றோடொன்று கூடின. அங்கே ஏலக்காய் ஏலத்தில் விடப்படுகிறது. இதனை ஒரு சொல்விளையாட்டாக மட்டும் கொண்டு கடந்துவிடுதல் இயலாது. காட்டில் தானே முளைத்த ஒரு செடி, கடல்கடந்து வந்த வணிகத்துக்கு உட்பட்ட நெடிய வரலாறு இச்சேர்க்கையில் அடங்கியிருக்கிறது.

காட்டில் இயல்பாக விளையும் மணப்பொருள்களைப் பேணிப் பெருக்கினால், காட்டையும் காத்து, காட்டோர மக்களுக்கும் நிலையான பிழைப்பை அளிக்கலாம் என்பது இன்று பல நாடுகளில் கேட்கப்படும் கருத்து. கருத்து நன்று. ஆயினும் அது புதியதன்று. ஏலமலையில் இம்முயற்சி இருநூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது. அம்முயற்சியால் உயர்ந்தவர் யாவர், இழந்தவர் யாவர், காடு என்னவாயிற்று என்பனவற்றை முறையாக நோக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

தானே விளைந்த காலம்

ஏலச்செடி இஞ்சியின் இனத்தைச் சேர்ந்தது. மண்ணுக்குள் கிழங்குபோல் படரும் தண்டிலிருந்து பல தண்டுகள் கிளைத்துத் தூராக வளரும். ஆளுயரத்துக்கு மேலும் ஓங்கும். பூக்களும் காய்களும் உச்சியில் தோன்றுவதில்லை. தூரின் அடியிலிருந்து கிளம்பும் சரங்களில், பெரும்பாலும் தரையை ஒட்டியே தோன்றும். கடல்மட்டத்திலிருந்து 600 முதல் 1,500 மீட்டர் வரையிலான உயரம், நிறைந்த மழை, பெருமரங்களின் நிழல், உதிர்ந்த இலைகள் மட்கிய மண் ஆகிய நான்கும் கூடிய இடமே இதற்கு ஏற்ற இடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகள் இதன் தாயகம். இலங்கைக் காடுகளிலும் இதனோடு நெருங்கிய உறவுடைய காட்டு ஏலம் ஒன்று உண்டு.

இச்செடியின் உலகப் பெயரும் மலைநாட்டு மக்களின் வாய்மொழியிலிருந்து எடுக்கப்பட்டதே. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, அந்நாட்டு மருத்துவரான இட்டி அச்சுதன் முதலியோரின் துணையோடு மலபாரின் செடிகொடிகளைத் தொகுத்தார். 12 தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் அந்நூலில் ‘ஏலத்தரி’ என்ற பெயர் இடம்பெற்றது. தமிழில் நாம் ‘ஏலரிசி’ என்பதுபோல, காயினுள் இருக்கும் விதைமணியைக் குறிக்கும் மலையாளச் சொல் அது. 1811இல் வில்லியம் மேட்டன் என்னும் ஆங்கிலேயர் இச்செடிக்குத் தாவரவியல் பெயர் சூட்டியபோது, அச்சொல்லையே ‘எலெட்டாரியா’ எனப் பேரினப் பெயராக்கினார். பெயரைத் தந்தவர்கள் மலைநாட்டார். அப்பெயரால் விளைந்த வணிகத்தில் அவர்களுக்குக் கிடைத்த பங்கு எத்தகையது என்பதை இனிக் காண்போம்.

மலைப்பொருளுக்கும் நகரத்து விலைக்கும் இடையிலான தொலைவு பண்டே உணரப்பட்ட ஒன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, மிளகும் இஞ்சியும் பிறந்த நாட்டில் காட்டுச் செடிகளாயிருக்க, உரோமிலோ பொன்னையும் வெள்ளியையும் போல் நிறுத்து வாங்கப்படுவதை எண்ணிச் சலித்துக்கொள்கிறார். எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள பெரெனிகே துறைமுகத்தில் நடந்த அகழாய்வில், இந்தியச் சாடி ஒன்றினுள் ஏறத்தாழ 7.5 கிலோ கருமிளகு கிடைத்தது. அம்மிளகை எந்த மலையில், எந்தக் கைகள் பறித்தன என்று சொல்லும் சான்று ஏதும் இல்லை. மணப்பொருள் வரலாற்றில் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் பெயர் உண்டு. பறித்தவருக்குப் பெயர் இல்லை.

மரம் ஒன்று விழ, செடி நூறு எழ

பறிப்பதற்கும் பயிரிடுவதற்கும் இடையே மற்றொரு நிலையும் இருந்தது. அது நம் மாணவர்கள் சிறப்பாக அறியத்தக்கது. ஏலவிதை காட்டுமண்ணில் நெடுங்காலம் மறைந்து கிடக்கும். நிழல் அடர்ந்த இடத்தில் முளைத்தாலும் நன்கு காய்ப்பதில்லை. குடகு முதலிய மலைநாடுகளில் இதனை அறிந்த மக்கள், காட்டின் நடுவே சிறிதளவு இடத்தைத் தேர்ந்து, அங்கு நின்ற பெருமரங்களுள் சிலவற்றை மட்டும் வீழ்த்தினர். வெளிச்சம் தரையில் பட்டது. மழை தொடங்கியதும் விதைக்காத இடத்தில் ஏலக்கன்றுகள் தாமே எழுந்தன. களையகற்றிக் காத்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் காய்த்தன. சில ஆண்டுகள் பலன் தந்தபின் மரங்கள் மீண்டும் கவிந்து நிழல் அடர, மக்கள் வேறோர் இடத்தைத் திறந்தனர். பழைய இடம் திரும்பவும் காடாயிற்று.

இம்முறையைக் காட்டை அழிக்கும் முறை என்று அக்கால அலுவலர் சிலர் கருதினர். ஆனால் இதன் உட்பொருள் வேறு. காட்டில் மரம் சாய்வது இயற்கையிலும் நிகழ்வதே. காற்றில் ஒரு மரம் விழ, அவ்விடைவெளியில் வெளிச்சம் நாடும் செடிகள் எழுகின்றன. மலைமக்கள் அவ்வியல்பையே அளவோடு பின்பற்றினர். இடங்கள் சிறியனவாக இருந்தவரை, திரும்பி வருவதற்குக் காலம் இருந்தவரை, காடும் விளைச்சலும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. அளவும் காலமும் அவர்கள் கையில் இருந்தவரை என்றே இதனைச் சொல்ல வேண்டும். பின்னர் அவ்விரண்டும் அவர்கள் கையைவிட்டு அகன்றன.

அரசின் தனியுரிமை

திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மர் 1743இல் மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். அரசுக்கு அது படைக்கும் கோயிலுக்கும் கோட்டைக்கும் வேண்டிய வருவாய். ஏலமும் அவ்வாறே அரசின் பொருளாயிற்று. இன்றைய இடுக்கி மாவட்டத்தில் அடங்கும் மலைப்பகுதி ‘ஏலமலை’ என்றே பெயர் பெற்றது. அங்கு விளைந்த காயை அரசுக்கன்றி வேறு எவருக்கும் விற்கலாகாது. அரசு குறித்த தொகையே விலை. மலையிலிருந்து இறங்கிய காய் ஆலப்புழையிலுள்ள அரசுக் கிடங்குக்குச் சென்று, அங்கிருந்து வணிகர் கைக்குப் போயிற்று. ‘ஆலப்புழைப் பச்சை’ என்று உலகச் சந்தையில் இன்றளவும் ஏலக்காய்க்கு வழங்கும் பெயர் இக்கிடங்கின் நினைவே. ஆலப்புழை கடலோர நகரம். அங்கு ஏலம் விளைவதில்லை. பொருள் விளைந்த மலையின் பெயர் மறைந்து, விற்ற துறையின் பெயர் நிலைத்தது.

இம்மலையில் நெடுங்காலமாக வாழ்ந்தோர் முதுவர், மன்னான் முதலிய பழங்குடியினர். தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர் என்பது அவர்களது மரபுவழிக் கதை. முதுவர் பேச்சில் தமிழின் சாயல் தெளிவாகத் தென்படும். ஏலம் எங்கு விளையும், எப்போது முற்றும் என்பதை அறிந்தோர் அவர்களே. தனியுரிமைக் காலத்தில் அவர்களது அறிவு அரசுக்கு வேண்டியதாயிற்று. ஆனால் அவ்வறிவால் விளைந்த பொருளின் மீது அவர்களுக்கு உரிமை இல்லாமற்போயிற்று. தம் காட்டில் தாம் பறித்த காயைத் தாம் விரும்பியவருக்கு விற்றால் அது களவு என்ற நிலை தோன்றியது.

குறித்த விலை ஒருபுறமும் சந்தை விலை மறுபுறமும் நிற்கும்போது கடத்தல் பிறக்கும். ஏலமலையின் கிழக்குச் சரிவில் இறங்கினால் ஆங்கிலேயர் ஆண்ட மதுரை மாவட்டம். ஒற்றையடிப் பாதைகள் பல. மலையைக் காவல் செய்வது அரசுக்கு ஓயாத வேலையாயிற்று. முடிவில் 1896இல் தனியுரிமை கைவிடப்பட்டு, பயிரிடப்படும் நிலத்துக்கு வரி வாங்கும் முறை வந்தது. அடுத்த ஆண்டே, 1897இல், ஏலமலைக் காடு ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. ஏலம் பயிரிடுவோருக்கு நிலத்தை ஆளும் உரிமை. நிற்கும் மரங்களோ அரசுக்கு உரியவை. இவ்வாறு ஒரே நிலத்தின் மீது இரு துறைகளின் ஆட்சி ஏற்பட்டது.

அவ்வறிவிப்பில் கண்ட பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்னும் வழக்கு நூறாண்டுகள் கடந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. முன்னால் நிற்கும் ஓர் இரண்டு உண்டா இல்லையா என்பதில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலமும் பெருங்காட்டின் எதிர்காலமும் தொங்குகின்றன. எழுத்தும் எண்ணும் வாழ்வை எவ்வாறு ஆளும் என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

கிழக்கிலிருந்து ஏறியவர்கள்

ஏலம் பயிராக மாறியபோது அதற்கு ஆள் வேண்டியிருந்தது. பழங்குடியினர் சிலரே, தோட்டங்களோ பல. கம்பம், உத்தமபாளையம், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களிலிருந்து தமிழ் உழவரும் வணிகரும் கூலித் தொழிலாளரும் மலையேறினர். வண்டன்மேடு, குமுளி, போடிமெட்டு எனும் மலைவழிகள் இவர்களது நடையால் பெருவழிகளாயின. போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையாக வளர்ந்தது. காய்களைத் தரம் பிரிக்கும் வேலை அவ்வூரின் வீடுகளில் பெண்களுக்குப் பிழைப்பாயிற்று.

ஏலத்தோட்ட வேலையின் தன்மையை ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். ஒரே சரத்திலுள்ள காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆகவே முப்பது முதல் நாற்பத்தைந்து நாள்களுக்கு ஒருமுறை அதே செடியிடம் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும். காய் தரையை ஒட்டி இருப்பதால் பறிப்பவர் குனிந்தோ குந்தியோ நாள் முழுதும் வேலை செய்கிறார். முற்றிய காயையும் முற்றாத காயையும் விரல்நுனியால் அறிந்து பிரிக்க வேண்டும். பழுத்துவிட்டால் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் விலையும் போய்விடும். பறித்த காய், ‘ஸ்டோர்’ எனத் தோட்டத்தார் அழைக்கும் உலர்த்தும் கூடத்தில் விறகுத் தீயின் வெப்பத்தால் ஓரிரு நாள்கள் உலர்த்தப்படும். நான்கைந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகச் சுருங்கும். இவ்வளவு உழைப்பும் அச்சிறு காயினுள் அடங்கியிருக்கிறது.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலை கேரளத்திலும் பள்ளத்தாக்கு தமிழகத்திலும் அமைந்தன. பயிர் ஒரு மாநிலத்தில், பயிர்த்தொழிலாளர் மறுமாநிலத்தில் என்றாயிற்று. இன்றும் விடியற்காலையில் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து பெண்கள் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மலையேறி, மாலையில் இறங்குகின்றனர். வளைந்த மலைப்பாதைகளில் அவ்வண்டிகள் கவிழ்ந்து உயிர்கள் போன செய்திகள் அவ்வப்போது நாளிதழ்களில் வருகின்றன. ஊர்ப்புறப் பிழைப்பு என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்குள் இப்பயணமும் அடக்கம்.

வாரியமும் விளைச்சலும்

விடுதலை பெற்ற இந்தியா ஏலத்தை அயல்நாட்டுச் செலாவணி ஈட்டும் பயிராகக் கண்டது. 1956இல் பாம்பாடும்பாறையில் ஆய்வு நிலையம் அமைந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அடுத்த ஆண்டு ஏலக்காய் வாரியம் தோன்றியது. 1978இல் மயிலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. 1987இல் ஏலக்காய் வாரியம் புதிதாக அமைந்த மணப்பொருள் வாரியத்துள் அடங்கிற்று. ஏலம் விடுவோருக்கு உரிமம், உழவருக்குக் குறித்த காலத்தில் பணம் என விற்பனை ஒழுங்குபட்டது. இன்று போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் மின்னணு முறையில் ஏலம் நடைபெறுகிறது. இவ்வமைப்புகளால் சிறு உழவர் பெற்ற பயன் மறுக்கவியலாதது. தனியுரிமைக் காலத்தில் ஒரே வாங்குநர். இப்போது பலர் போட்டியிட்டு வாங்குகின்றனர்.

ஆயினும் விளைச்சலைப் பெருக்கிய பெருமாற்றம் ஆய்வுக்கூடத்திலிருந்து மட்டும் வரவில்லை. இடுக்கியைச் சேர்ந்த செபாஸ்தியன் ஜோசப் என்னும் உழவர், தம் தோட்டத்தில் நன்கு காய்த்த செடிகளைக் கூர்ந்து நோக்கித் தேர்ந்து, தூரைப் பிரித்து நட்டுப் பெருக்கிய ‘ஞள்ளானி’ என்னும் வகை மலையெங்கும் பரவியது. பழைய வகைகளைக் காட்டிலும் அது பல மடங்கு விளைந்தது. முறையான கல்வி அளிக்காத ஓர் அறிவை நாள்தோறும் செடியோடு பழகியவர் பெற்றார் என்பதற்கு இது சான்று. மலைமக்களின் மரபறிவு ஒரு காலத்தில் எவ்வாறு ஏலத்தைக் கண்டதோ, அவ்வாறே உழவரின் அறிவும் அதனை வளர்த்தது.

இவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. மிகுவிளைச்சலுக்கு மிகுந்த வெளிச்சம் வேண்டுமென நிழல்மரங்களின் கிளைகள் கழிக்கப்பட்டன. உலர்த்தும் கூடங்களுக்கு விறகு வேண்டியிருந்தது. ஒரே வகைச் செடி நெருங்கி நின்றதால் பூச்சியும் நோயும் பெருகின. மருந்து தெளிப்பும் பெருகியது. ஏலப்பூ விடியலில் மலர்ந்து அன்று மாலைக்குள் வாடுவது. அப்பகலுக்குள் தேனீ வந்தால்தான் காய் உண்டு. தேனீயோ காட்டிலிருந்து வருவது. பூச்சியைக் கொல்லத் தெளித்த மருந்து தேனீயையும் விட்டுவைப்பதில்லை. காய்களில் தங்கிய மருந்தெச்சத்தைக் காட்டி அயல்நாட்டு வாங்குநர் சரக்கைத் திருப்பிய நிகழ்ச்சிகளும் உண்டு. காட்டைச் சார்ந்து பிறந்த பயிர், காட்டினின்றும் விலக விலகத் தன் அடிப்படையைத் தானே அரிக்கலாயிற்று.

கடலுக்கு அப்பால் ஒரு மலை

1914ஆம் ஆண்டளவில் ஆஸ்கர் மாயுஸ் குளோஃபர் என்னும் ஜெர்மானியத் தோட்டக்காரர் நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டுக்கு ஏலத்தைக் கொண்டுசென்றார். ஆல்ட்டா வெராபாஸ் மலைப்பகுதியின் ஈரமும் நிழலும் அதற்கு இயைந்தன. அங்கே அதனைப் பயிரிடுவோருள் மிகப் பலர் மாயா பழங்குடிச் சிறு உழவர். அவர்களது உணவில் ஏலத்துக்கு இடமே இல்லை. விளைவது முழுதும் விற்பனைக்கே. அரபு நாடுகளில் விருந்தினரை வரவேற்கும் காப்பியில் சேரும் ஏலத்தின் பெரும்பகுதி இன்று அங்கிருந்தே செல்கிறது. சென்ற நூற்றாண்டின் இறுதிக்குள் குவாத்தமாலா இந்தியாவை விஞ்சி முதலிடம் பெற்றது.

இதனால் ஏலமலை உழவரின் வாழ்வு தாம் காணாத ஒரு மலையின் மழைக்கும் வெயிலுக்கும் கட்டுப்பட்டதாயிற்று. 2018இல் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. சரக்குக் குறைய, 2019 ஆகஸ்டு மாதம் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை விலை ஏறியது. அவ்விலையைக் கண்டு பலர் கடன் வாங்கிச் செடி நட்டனர். செடி காய்க்கத் தொடங்கியபோது விலை ஆயிரம் ரூபாய்க்கு அருகில் வந்து நின்றது. உச்சவிலையில் விற்க அவர்களிடம் காய் இல்லை. காய் வந்தபோது விலை இல்லை. ஒரே பயிரை நம்பிய ஊர்கள் உலகெங்கும் காணும் துன்பம் இது.

நம் மண்ணிலும் இவ்வரலாறு உண்டு

இதனை அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் உட்பகுதிக் காடுகள் கம்பீருக்கும் மிளகுக்கும் இடம் தந்தன. கம்பீர் இலையை வேகவைக்க ஓயாது விறகு வேண்டும். வெந்த இலைச் சக்கை மிளகுக்கு உரமாகும். இரு பயிர்களும் ஒன்றுக்கொன்று துணையாக நின்றன. ஆனால் இரண்டும் சேர்ந்து காட்டைத் தின்றன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் மண் சோர்ந்தது; சுற்றிலும் விறகு தீர்ந்தது. சீனக் குடியேறிகள் நீரிணையைக் கடந்து ஜொகூரின் ஆற்றோரங்களுக்குச் சென்றனர். தெமெங்கோங் இப்ராகிமும் அவர்தம் வழிவந்தோரும் ஆற்றுத்தலைவர்களுக்கு உரிமைக் கடிதம் அளித்து இப்பயிர்த்தொழிலை வளர்த்தனர். ‘கங்சூ’ எனப்பட்ட அம்முறை 1917இல் ஒழிக்கப்பட்டது.

சுவா சூ காங், லிம் சூ காங் என்னும் ஊர்ப்பெயர்களில் அக்காலம் இன்னும் ஒலிக்கிறது. ஆர்ச்சர்ட் சாலையின் பெயரும் அங்கிருந்த சாதிக்காய்த் தோப்புகளையும் பழத்தோட்டங்களையும் நினைவூட்டுவதே. நோய் தாக்கிச் சாதிக்காய்த் தோப்புகள் 1860களுக்குள் அழிந்தன. பெயர் நிற்க, பயிர் போயிற்று. ஏலமலையில் பயிர் இன்னும் நிற்கிறது. அவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் பலவாயினும், ஏலம் நிழலின்றி வாழாது என்பது அவற்றுள் முதன்மையானது. காட்டை முற்றாக வெட்டினால் ஏலமும் இல்லை. பயிரின் இயல்பே காட்டுக்கு ஓரளவு காவலாக நின்றது.

பறிப்பது எது, பறிப்பவர் யார்

ஏலம் தோட்டப் பயிராகிவிட்டது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் காட்டிலிருந்தே சேகரிக்கப்படும் மணப்பொருள்கள் பல உள. காட்டு மிளகு, திப்பிலி, குடம்புளி, காட்டுச் சாதிக்காயின் பத்திரி, காட்டு இலவங்கத்தின் பட்டையும் இலையும் எனப் பட்டியல் நீளும். இவற்றைப் பெருக்கி மலைமக்களுக்கு வாழ்வளிக்க எண்ணுவோர் முதலில் நோக்க வேண்டியது, செடியின் எப்பகுதி எடுக்கப்படுகிறது என்பதை. உதிர்ந்த குடம்புளிப் பழத்தைப் பொறுக்குவதால் மரத்துக்குக் கேடில்லை. இலவங்க மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். காட்டுச் சாதிக்காயை முற்றுமுன் கிளையோடு வெட்டினால் அடுத்த தலைமுறை மரத்துக்கு விதை இல்லை. அப்பழத்தை உண்டு விதையைத் தொலைவில் பரப்பும் இருவாட்சிப் பறவைக்கும் இரை இல்லை.

அடுத்து நோக்க வேண்டியது உரிமை. எவருக்கும் உரிமையில்லாத காட்டில், நான் விட்டுவைத்த காயை நாளை வேறொருவர் பறிப்பார் என்ற அச்சம் ஒவ்வொருவருக்கும் இருக்கும். ஆகவே முற்றாத காயும் பறிக்கப்படும். இது பேராசையின் விளைவன்று, உறுதியின்மையின் விளைவு. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மரமல்லாத சிறு காட்டுப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் அவற்றின்மீது உடைமை கொள்ளவும் காடுவாழ் மக்களுக்கு உள்ள உரிமையை ஏற்றது. கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் குடியிருப்புகள் 2014இல் சமூக வன உரிமை பெற்றன. திருவிதாங்கூர்த் தனியுரிமைக் காலத்தில் களவு எனப்பட்ட செயல், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின் உரிமை எனப்பட்டது. ஏட்டில் எழுதிய உரிமை எல்லா ஊர்களையும் எட்டிவிடவில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

மூன்றாவது, விலையில் பங்கு. பச்சையாக விற்கும் பொருளுக்கு விலை குறைவு. உலர்த்தித் தரம் பிரித்த பொருளுக்கு விலை மிகுதி. உலர்த்தும் கூடமும் தரம் பிரிக்கும் அறிவும் ஊருக்குள் இருந்தால் அம்மிகுதி ஊரில் தங்கும்; இல்லையேல் அது துறைமுகத்துக்குப் போகும். ஆலப்புழைக் கிடங்கின் கதை நமக்கு உணர்த்துவது இதுவே.

வரலாறு விடுக்கும் வினா

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். மலைமக்கள் அளவும் காலமும் அறிந்து காட்டைத் திறந்தபோது ஏலமும் காடும் வாழ்ந்தன. அரசு தனியுரிமை கொண்டபோது வருவாய் பெருகியது. உரியவர் உரிமை இழந்தனர். சந்தை திறந்தபோது சிறு உழவர் எழுந்தனர். ஆனால் விளைச்சல் ஒன்றையே நோக்கியதால் நிழலும் தேனீயும் குறைந்தன. உலகச் சந்தையோடு இணைந்தபோது செல்வமும் வந்தது, கடனும் வந்தது. காட்டு மணப்பொருள் ஊரை வாழவைக்குமா என்னும் வினாவுக்கு, வாழவைக்கும் என்றே ஏலமலை விடை தருகிறது. ஆனால் பறிப்பவர்க்கு உரிமையும், காட்டுக்கு மீளும் காலமும், பயிரில் பன்மையும் உறுதியாயிருந்தால் என்னும் நிபந்தனையையும் உடன் சொல்கிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் இலாபம் வேறிடத்துக்கும் இழப்பு மலைக்கும் சென்றதையே இருநூறு ஆண்டுகள் காட்டுகின்றன.

ஆசிரியப் பெருமக்கள் இவ்வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல அயல்நாட்டு வரைபடம் ஒன்றே வேண்டுமென்பதில்லை. நம் சமையலறையில் உள்ள அசாம் கெலுகோரும் கேரளத்துக் குடம்புளியும் ஒரே இனத்து மரங்களின் பழங்கள். இங்குள்ள காட்டோரச் சிற்றூர்களிலும் அதனை அரிந்து வெயிலில் உலர்த்தும் கைகள் உள்ளன. சந்தையில் அதனை வாங்கும் மாணவர், இது எங்கு விளைந்தது, பறித்தவர் யார், உலர்த்தியவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கப் பழகினால், அதுவே வரலாற்றுக் கல்வியின் தொடக்கம். மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் அப்பொருளுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்தால் அது மொழிக் கல்வியுமாகும்.

‘ஏலம்’ என்னும் ஒரு சொல்லில் தொடங்கினோம். காட்டில் விளைந்த ஏலமும் சந்தையில் கூவும் ஏலமும் ஒரே சொல்லாய் நிற்பது தற்செயலே. ஆனால் அவ்விரண்டுக்கும் நடுவே குனிந்து காய் பறிக்கும் ஒரு பெண் நிற்கிறார். இதுவரை எழுதப்பட்ட வரலாற்றில் அவருக்குப் பெயர் இல்லை. அப்பெயரைக் கேட்டறிந்து எழுதும் கடமை வரும் தலைமுறை மாணவர்களுக்கு உரியது.